கியர் இல்லாத சைக்கிளின் வரவு செலவு

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



படிப்பகத்து ஆண்டு விழா என்றால் இலக்கியமோ சமயமோ பேசப்படும் என்ற நம்பிக்கையோடு வந்திருப்பவர்களுக்கு, அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே சைக்கிள் என்ற விஷயத்தைக் கண்டதும் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டிருக்கலாம். ஆனால் இம்மண்டபத்தின் மதிற்சுவர் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டேதான் நான் உள்ளே வந்தேன்; மோட்டார் சைக்கிள்களின் கூட்டத்துக்கு ஒதுங்கி நிற்கும் அவற்றுள் அநேகமாக எல்லாமே, முன்னால் ஒரு பல்சக்கரமும் பின்னால் ஒரு பல்சக்கரமும் மட்டும் உடைய, கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்கள்தாம். பால்காரரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், ஷிப்டு வேலைக்குப் போகும் தொழிலாளியும் நாள் தவறாமல் ஏறிச் செல்லும் அந்த யந்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பேணுவது, வேண்டாதபோது எப்படி நியாயமாக விற்பது என்பதைத்தான் இன்று சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

இம்மூன்றும் தனித்தனி வித்தைகள் அல்ல என்பது என் அபிப்பிராயம். சைக்கிளின் பாகங்களில் தேய்ந்துபோவதற்கென்றே அமைந்தவை சில உண்டு. தேயவே கூடாதவை சில உண்டு. டயர், ட்யூப், பிரேக் கட்டை, செயின், பால்ஸ், காட்டர் பின் முதலியவை முதல் இனம். பிரேம், ஃபோர்க், கிராங்கு, ஹப் ஆகியவை இரண்டாவது இனம். மலிவான முதல் இனத்தைக் காலத்தில் மாற்றி வந்தால், விலையுயர்ந்த இரண்டாவது இனம் ஒரு மனிதனுடைய ஆயுள் முழுவதும் உழைக்கும். மாற்றாமல் விட்டாலோ, மலிவானது தான் கெடுவதோடு நில்லாமல் விலையுயர்ந்ததையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகையால், வாங்குகிறவன் உற்றுப் பார்க்க வேண்டியது இரண்டாவது இனத்தை. பேணுகிறவன் கவனிக்க வேண்டியது முதல் இனத்தை. விற்கிறவன் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது இரண்டின் நிலையையும்.

முதலில் பல்சக்கரங்களின் கணக்கைப் பார்த்துவிடுவோம். முன்சக்கரம் ஆளுயரம் நின்ற பழைய சைக்கிளில், பெடல் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தபடியால், ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறைதான் சுற்றும். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினாலோ கால் எட்டாது. 1880-இல் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் மான்செஸ்டரில் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். 1885-இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயினால் இழுக்கும் ‘ரோவர்’ சைக்கிளை வெளியிட்டார். காலின் நீளம் சக்கரத்தின் அளவை நிர்ணயித்த காலம் அத்தோடு தீர்ந்தது. எனினும் அந்தப் பழைய வழக்கத்தை அனுசரித்து, இன்றும் ஒரு சைக்கிளின் விகிதத்தை, அது எத்தனை அங்குலக் குறுக்களவுள்ள பெரிய சக்கரத்துக்குச் சமம் என்றே கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் ஓடும் 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 48 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 48-ஐ 18-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்க, ஏறத்தாழ 75 அங்குலம் வரும். அதாவது ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 19½ அடி முன்னேறும். நிமிஷத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதிக்கிறவர் மணிக்குச் சுமார் 21 கிலோமீட்டர் போவார்.

சமதரையில், ஆள் மட்டும் ஏறிச் செல்வதற்கு இது பொருத்தமான விகிதம். கேரியரில் மூட்டை கட்டுகிறவருக்கும், நாள்தோறும் மேம்பாலம் ஏறுகிறவருக்கும், ஆடி மாதத்து எதிர்க்காற்றில் கடலோரச் சாலையில் போகிறவருக்கும் இது பளுவாகத் தெரியும். அவர்கள் புதுச் சைக்கிள் தேட வேண்டியதில்லை. பின்னால் உள்ள 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 பல் ஃப்ரீவீலைப் போட்டால் 75 அங்குலம் 67 ஆக இறங்கிவிடும். கியர் வைத்த சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கி, அதிலே ஒரே கியரில் ஆண்டு முழுவதும் ஓட்டுகிற அநேகரை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்று மருந்து தேய்த்துக்கொள்ளும் அவர்களுக்கு இந்த இரண்டு பல் வித்தியாசமே போதுமான சிகிச்சையாக இருந்திருக்கும்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, வடக்கே சோனிபட்டில் அட்லஸும் லூதியானாவில் ஹீரோவும் 1950-களில் எழுந்தன. இந்த ஆலைகளிலிருந்து வந்த கறுப்புச் சைக்கிள்கள் எல்லாம் பழைய ஆங்கிலேய மாதிரியையே பின்பற்றியவை: முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள், இரும்புத் தண்டினால் இயங்கும் பிரேக்குகள், அரை அங்குலக் கணுவுள்ள செயின். பின்சக்கரத்துக்கு எட்டுக் கம்பி அதிகமாக வைத்ததில் அர்த்தம் உண்டு. ஏறுகிறவருடைய கனமும், கேரியரில் உட்காருகிறவருடைய கனமும், மிதியின் இழுப்பும் ஒருங்கே விழுவது அதன்மேல்தான். இன்னும் நம் கிராமங்களில் ஓடுவது பெரும்பாலும் இந்த மாதிரியே. இதன் பாகங்கள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் என்பது, எந்தக் கியர் சைக்கிளுக்கும் வாய்க்காத ஒரு பெரிய சௌகரியம்.

புதுச் சைக்கிள் கடைக்குப் பாகங்களாக வந்து, கடைக்காரர் கையால் பூட்டப்படுகிறது என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். சைக்கிளின் பாதி குணம் ஆலையில் உண்டானால் மறுபாதி அந்தப் பூட்டுதலில் உண்டாகிறது. ஆகவே, பெல்லையும் சீட்டு உறையையும் பேரம் பேசுகிற நேரத்தில், பூட்டுகிறவர் பக்கத்தில் நின்று, பால்ஸ் வைக்கும் கிண்ணங்களில் கிரீஸ் நிரப்புகிறாரா, கோட்டம் எடுத்துச் சக்கரத்தை நேராக்குகிறாரா என்று பார்த்துக்கொள்வது மேல். அதிலும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் மொத்தமாகப் பூட்டப்படும் சைக்கிளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வழங்கும் விலையில்லா மிதிவண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே, தெருமுனைக் கடையில் விட்டு எல்லா நட்டுகளையும் ஒரு முறை இறுக்கிவிடுவது, பெற்றோர் செய்யக்கூடிய மிகச் சிறிய செலவு. எந்தப் புதுச் சைக்கிளிலும் முதல் மாதத்தில் போக்ஸ் கம்பிகள் இளகும், காட்டர் பின் அமுங்கித் தளரும், பிரேக் தண்டுகள் இடம் மாறும். அந்த ஒரு மாதம் கழித்துச் செய்யும் இறுக்கம்தான் அடுத்த பத்து வருஷத்தைத் தீர்மானிக்கிறது.

யாருக்கு எந்தச் சைக்கிள் என்பதில் கடைக்காரருடைய யோசனையைவிட உபயோகிக்கிறவருடைய தேவையே பெரிது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஜெண்ட்ஸ் சைக்கிளை வாங்கியவர்கள், பிறகு அதையே விரும்பத் தொடங்கினார்கள். குழந்தையை உட்கார வைப்பதற்கு அந்தக் குறுக்குப் பார் உதவியாக இருந்தது என்பது ஒரு காரணம். விற்பனை நூலில் ஆண் பெண் என்று எழுதியிருந்த பிரிவினையை, தண்ணீர்க் குடமும் குழந்தையும் சுமந்துபோன அந்தப் பெண்கள் தங்கள் காரியத்தை உத்தேசித்து மாற்றி எழுதினார்கள்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர் பளபளப்பைக் கண்டு மயங்கக்கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய பிரேமைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகமே உண்டாகும். தேய்ந்த பெயிண்டில் மறைக்க ஒன்றும் இல்லை. ஹேண்டில் நுழைகிற தலைக்குழாய்க்குப் பின்னால், அதிலிருந்து கீழே சாய்ந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால், அந்தச் சைக்கிள் முன்னால் எங்கேயோ மோதியிருக்கிறது. பிறகு ஒரு நூலை எடுத்து, பின் அச்சின் ஒரு பக்கத்தில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அச்சின் மறுபக்கத்தில் இழுத்துப் பிடித்து, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு புறமும் சமமாக இருக்கிறதா என்று அளக்கலாம். சமமில்லையானால் பிரேம் கோணல், விலை எவ்வளவு குறைந்தாலும் அது வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் தலைப்பகுதியின் ஆட்டம் தெரியும். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் நடு அச்சின் ஆட்டம் தெரியும். இவை பால்ஸ் மாற்றினால் தீரக்கூடியவை. ஆகவே வாங்கத் தடையல்ல, விலையைக் குறைக்கத் தக்க காரணங்கள். பிரேமில் அடித்திருக்கும் எண்ணை ரசீதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அந்த எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால், மேற்கொண்டு பேச்சே கிடையாது.

வாங்கிய பிறகு பேணுதல். இதில் மிகவும் அற்பமாகக் கருதப்படும் பொருள் காட்டர் பின். கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் இந்த ஆப்பு, ஒரு பக்கம் சரிவாக ராவப்பட்ட ஒரு சிறு இரும்புத் துண்டுதான். ஒரு டீயின் விலைக்குச் சற்று அதிகமாக இருக்கலாம். அது தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் காலுக்கடியில் ‘டக்’ என்று ஒரு ஓசை கேட்கும். அந்த ஓசையோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓட்ட ஓட்ட, பின்னைத் தாங்கும் கிராங்கின் துளை முட்டை வடிவமாக விரிந்து, பிறகு எத்தனை புதுப் பின் போட்டாலும் நிற்காமல், கிராங்கையும் அச்சையும் சேர்த்தே மாற்ற நேரிடும். புதுப் பின் போட்டவுடன் நட்டை மட்டும் முறுக்கினால் போதாது. நட்டின் வேலை பின்னை இழுப்பதல்ல, இழுத்த இடத்தில் நிறுத்துவது. கிராங்கின் அடியில் கனமான இரும்பைத் தாங்கலாக வைத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கி, நட்டை முறுக்கி, ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒரு முறை தட்டி முறுக்குகிறவரே தொழில் தெரிந்தவர்.

அடுத்தது செயின். செயின் நீளுகிறது என்கிறோம்; உண்மையில் இரும்பு நீளுவதில்லை, ஒவ்வொரு கணுவிலும் உள்ள ஊசி தேய்ந்து, அந்தத் தேய்மானங்கள் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் 12 அங்குல அளவுகோல் போதும். ஓர் ஊசியின் மையத்தில் கோலின் தொடக்கத்தை வைத்தால், புதுச் செயினில் அதற்கு அடுத்த ஊசியிலிருந்து எண்ணி வரும் 24-ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டி நின்றால், செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டதென்றால், செயின் மட்டுமல்ல, பல்சக்கரங்களும் போய்விட்டன. நீண்ட செயின் பற்களின் அடியில் உட்காராமல் மேலேறி இழுத்து, அவற்றை ஒரு பக்கமாகக் கொக்கிபோல வளைத்திருக்கும். அந்த நிலையில் புதுச் செயினை மட்டும் போட்டால் அது பழைய பல்லில் ஒட்டாமல் குதிக்கும். உடனே ‘இந்தக் காலத்துச் செயினே மோசம்’ என்று பழி செயின்மேல் விழும். கியர் சைக்கிளில் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாய்ந்து ஓடித் தேய்கிறது. நம் சைக்கிளில் அது நேர்கோட்டில் ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும். அந்த அனுகூலத்தை மண்ணாலும் அழுக்காலும் நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு விவேகம் வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். மோட்டார் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவு ஆயிலில் இரும்புத் துகள் கலந்திருக்கும், அது செயினுக்கு அரமாகவே வேலை செய்யும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, உலர்ந்தபின், ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பிறகு வெளிப்புறத்தை வறண்ட துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருக்க வேண்டிய இடம் உருளைக்கு உள்ளே; வெளியே இருக்கும் எண்ணெய் தெருப்புழுதியைச் சேகரிப்பதைத் தவிர வேறு காரியம் செய்வதில்லை. ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் திணிப்பதும் தவறு. உள்ளே வில்லால் எழும்பும் சிறு நாக்குகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டால், ஒரு நாள் நடுச்சாலையில் இரண்டு பக்கமும் பெடல் சும்மா சுற்றும்.

காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாமல், வால்வின் வாயில் சிறிது எச்சிலைத் தடவிப் பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் பரீட்சையை நான் மிகவும் மதிக்கிறேன். குமிழி எழுந்தால் குற்றம் ட்யூபில் இல்லை, வால்வின்மேல் மாட்டிய சிறு ரப்பர்க் குழாயில். வால் ட்யூப் என்று கடையில் துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். வெயிலில் காய்ந்து விரிந்துவிடும் அதை மாற்றாமல், நாள்தோறும் காற்று அடித்துக் குறைந்த காற்றிலேயே ஓட்டுகிறவருடைய டயர் ஓரங்களில் வெடித்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஈயம்போல் பளபளக்கும் இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும் என்பதையும் நினைவில் வைத்து, நனைந்த சாலையில் இரண்டு மடங்கு தூரத்திலேயே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இடது பெடலின் மரை இடம்புரி, வலப்பக்கம் நடு அச்சைத் தாங்கும் கிண்ணத்தின் மரையும் அப்படியே. இது தெரியாமல் பலத்தைக் காட்டியவர்களால் பாழான கிராங்குகள் பழைய இரும்புக் கடைகளில் ஏராளம்.

ஃப்ரீவீலே இல்லாத சைக்கிளைப் பற்றி இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். பின்பல்சக்கரம் ஹப்போடு அசையாமல் பூட்டப்பட்டிருப்பதால், சைக்கிள் ஓடும் வரையில் பெடலும் சுற்றியே தீரும். காலை நிறுத்தி உட்கார்ந்திருக்க முடியாது. இது புது விந்தை அல்ல. ரோவர் காலத்துச் சைக்கிள்கள் யாவும் இப்படிப்பட்டவையே. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் 1937-இல்தான் செயினை இடம் மாற்றும் கியரை அனுமதித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பின் ஹப்பின் இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் பூட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வீரர்கள் ஏறினார்கள். ஜப்பானில் 1948-இல் கோகுராவில் தொடங்கி இன்றும் நடக்கும் கெய்ரின் பந்தயச் சைக்கிள்களுக்கும் ஃப்ரீவீல் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பந்தய மைதானத்துக்குச் சரியான அந்த வழக்கத்தை, நியூயார்க் நகரத்துத் தபால் சுமக்கும் வாலிபர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து அது ஒரு மோஸ்தராயிற்று.

பிரேக் இல்லாத சைக்கிள் தெருவில் ஓடலாகாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. காலால் பெடலை எதிர்த்து அழுத்துவது பின்சக்கரத்தை மட்டுமே தடுக்கும். நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் விதி, அசையாத பின்பல்சக்கரத்தை ஒரு பிரேக்காக ஒப்புக்கொண்டாலும், முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் வேண்டும் என்கிறது. ஜப்பானில் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இத்தகைய சைக்கிளைப் பழையதாக வாங்குகிறவர் ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும்: பல்சக்கரத்துக்கு வெளியே, இடம்புரி மரையில் ஏறிய ஒரு பூட்டு வளையம் இருக்கிறதா? சாதாரண ஃப்ரீவீல் ஹப்பின் மரையிலேயே பல்சக்கரத்தை முறுக்கிப் பசை போட்டு விற்பவர்கள் உண்டு. பெடலை எதிர்த்து அழுத்தினால் அது கழன்றுகொள்ளும். செயின் தளர்ச்சியும் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கலாகாது. ஓட்டத்தில் செயின் கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். காலை இறுக்கிப் பின்சக்கரத்தைச் சறுக்கி நிறுத்துகிற விளையாட்டுப் பிள்ளைகள் ஒரு கணக்கை அறிவது நல்லது. கால் எப்போதும் ஒரே நிலையில் நிற்பதால், 48-க்கு 16 என்ற பற்களில் சக்கரம் சரியாக மூன்று முறை சுற்றி, டயரின் ஒரே இடம் ஒவ்வொரு தடவையும் தரையில் தேயும். 48-க்கு 17 என்று மாற்றினால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். ஒரு பல் வித்தியாசம் டயரின் ஆயுளைப் பன்மடங்கு கூட்டிவிடுகிறது.

கடைசியாக விற்பனை. பழைய சைக்கிளுக்குக் கேட்பவர்கள் அதிகமாக இருப்பது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில்; அவசரம் இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கலாம். விற்பதற்கு முன் கழுவித் துடைப்பது மரியாதை. பெயிண்ட் அடிப்பது, நான் முன்பே சொன்ன காரணத்தால், நல்ல பிரேமின் மதிப்பையும் குறைக்கும். பற்கள் தேய்ந்த சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டு விற்காதீர்கள். வாங்குகிறவர் ஒரு வாரத்தில் திரும்பி வருவார். செயின் எப்போது மாற்றியது, பால்ஸ் எப்போது போட்டது, எந்தப் பக்கம் விழுந்தது என்று உள்ளபடி சொல்லி, அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்துக்கொள்வதுதான் நியாயம். வாடகைக்கு விட்டிருந்த சைக்கிளானால் அதையும் சொல்லியாக வேண்டும். பல கால்கள் மிதித்த சைக்கிளின் நடு அச்சு அதன் வயதைவிட மூத்திருக்கும். ரசீதை உடன் கொடுங்கள். ரசீது தொலைந்திருந்தால், பிரேம் எண்ணையும் தேதியையும் தொகையையும் ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தச் சைக்கிள் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாலும், இரண்டு பேருக்கும் பதில் சொல்ல அந்தத் துண்டுச் சீட்டு போதும்.